மெஷ் வைஃபை: பக்கத்திலேயே நோட் இருந்தும் லேப்டாப் 2.4-இலேயே நிற்கிறது

மூன்றுமாடி:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் மெஷ் போட்டிருக்கிறேன், அதாவது வீடு முழுக்க ஒரே வைஃபை தரும்படி சேர்ந்து வேலை செய்யும் மூன்று பெட்டிகள் (நோட்டுகள்). வைஃபை 6, இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்) மட்டும் உள்ள வகை. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். நோட்டுகளுக்கு இடையே கேபிள் இல்லை. இணைய இணைப்பு 500 எம்பிபிஎஸ். பிரதான நோட்டில் கேபிள் செருகிப் பார்த்தால் அது முழுசாக வருகிறது.

பிரச்சினை இதுதான். நான் வேலை செய்யும் அறையிலேயே பிரதான நோட் இருக்கிறது, மேசையிலிருந்து கை எட்டும் தூரம். அப்படியிருந்தும் லேப்டாப் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணைந்திருக்கிறது. வேகம் 60, 70-ஐத் தாண்டுவதில்லை. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் 5-க்குப் போய்விடும், 450-க்கு மேல் வரும், அன்றைக்கு முழுக்க நன்றாக இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் திரும்பவும் 2.4. சில நாள் மதியத்திலேயே இறங்கிவிடுகிறது. வீடியோ மீட்டிங்கில் புளூடூத் ஹெட்செட் போட்டால் குரல் வெட்டி வெட்டி வருகிறது. டிவி இன்னும் மோசம், 2.4-ஐ விட்டு அது நகர்ந்ததே இல்லை.

ஆப்பில் இரண்டு பேண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. பிரித்துவிடலாமா? இல்லை நான்காவதாக ஒரு நோட் வாங்கலாமா?

கம்பிவழி:

நான்காவது நோட்டைத் தள்ளிப் போடுங்கள். நோட் கை எட்டும் தூரத்தில் இருக்கும்போதே இப்படி என்றால், சிக்னல் போதாமல் வருகிற பிரச்சினை இல்லை இது.

முதலில் எண்கள் வேண்டும். விண்டோஸ் என்றால் செட்டிங்ஸில் உங்கள் வைஃபை இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறங்கள். பேண்ட், சேனல் எண், லிங்க் ஸ்பீடு (லேப்டாப்பும் நோட்டும் தமக்குள் பேசும் வேகம், எம்பிபிஎஸ்ஸில்) மூன்றும் அங்கேயே இருக்கும். மேக் என்றால் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை சின்னத்தைத் தட்டினால் சிக்னல் அளவு உட்பட எல்லாம் வரும். ஆண்ட்ராய்டில் இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரச் சின்னத்துக்குள் பாருங்கள். ஐபோனில் நேரடியாகத் தெரியாது, மெஷ் ஆப்பின் கருவிப் பட்டியலில் பார்க்க வேண்டியதுதான்.

லிங்க் ஸ்பீடை வைத்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். இரண்டு ஆன்டெனா உள்ள சாதாரண லேப்டாப்பில் அதிகபட்சம் 144 என்று நின்றால் பெரும்பாலும் 2.4, பழைய வைஃபை 4 முறை. வைஃபை 6 என்றால் அதே 2.4 பேண்ட் 286 வரை காட்டும். 866 அல்லது 1201 என்று வந்தால் 5, சேனல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். 2402 என்றால் 160 மெகாஹெர்ட்ஸ். உண்மையில் கிடைக்கும் வேகம் இதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

எனக்கு வேண்டியது: உங்கள் மேசையில் 2.4 எவ்வளவு, 5 எவ்வளவு, 5 எந்த சேனலில் எந்த அகலத்தில் ஓடுகிறது. சிக்னல் அளவு மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு வலு.

நேர்வழி:

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்பது என் கருத்து. பிரித்துவிடுங்கள். 5-க்கு ஒரு பெயர், 2.4-க்கு ஒரு பெயர். லேப்டாப், போன், டிவி எல்லாம் 5-இல். பல்பு, பிளக் எல்லாம் 2.4-இல். என் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது, அதற்கப்புறம் இந்தத் தொல்லையே இல்லை.

அலைநீளம்:

நேர்வழி சொல்வது ஒரே ரவுட்டர் இருக்கும் வீட்டில் நன்றாகவே வேலை செய்யும். மெஷ்ஷில் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

எந்த நோட்டில் சேர்வது, எந்த பேண்டில் சேர்வது என்பதை முடிவு செய்வது மெஷ் இல்லை, உங்கள் லேப்டாப்தான். வைஃபை ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. மெஷ் கெஞ்சலாம், ஆசை காட்டலாம், கதவைச் சாத்தலாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது.

பேண்ட் ஸ்டியரிங் என்று விளம்பரத்தில் போடுவது இந்த மூன்றைத்தான். ஒன்று, கருவி 2.4-இல் விசாரிக்கும்போது மெஷ் கொஞ்ச நேரம் பதில் சொல்லாமல் இருக்கும், அது 5-இல் போய்க் கேட்கட்டும் என்று. இரண்டு, 802.11வி என்ற முறைப்படி "அந்தப் பக்கம் போனால் நல்லது" என்று ஒரு கோரிக்கை அனுப்பும். கருவி அதை மறுக்கலாம், அதற்கு உரிமை உண்டு. மூன்று, இணைப்பையே துண்டித்துவிட்டுத் திரும்ப வரும்போது 5-ஐக் காட்டும். இந்த மூன்றாவதை அடிக்கடி செய்தால் கருவி குழம்பி, அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிடும். அதனால் பல மெஷ்கள் அதைத் தயங்கித் தயங்கித்தான் செய்கின்றன.

கருவியின் பக்கம் வருவோம். அது முதலில் பார்ப்பது சிக்னல் வலுவை. ஒரே சக்தியில் அனுப்பினாலும், திறந்தவெளியிலேயே 5-இன் சிக்னல் அதே தூரத்தில் ஏறக்குறைய 7 டெசிபெல் குறைவாகத்தான் வந்து சேரும். நடுவில் சுவர் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆகவே வெறும் வலுவை மட்டும் பார்க்கிற கருவிக்கு 2.4 எப்போதுமே அழகாகத் தெரியும். புதிய கருவிகள் 5-க்குக் கொஞ்சம் சலுகை மதிப்பெண் கொடுக்கின்றன, பழையவை பல கொடுப்பதில்லை.

இன்னொன்று, ஒருமுறை சேர்ந்த கருவி சிக்னல் நன்றாக இருக்கிற வரை வேறு இடம் தேடாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் ஜன்னல் சீட் காலியானதற்காக எழுந்து போக மாட்டார், அது மாதிரி. ஆப்பிள் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது: ஐபோன் சிக்னல் மைனஸ் 70-ஐ விடக் கீழே போனால்தான் வேறு இடம் தேட ஆரம்பிக்கும், மேக் மைனஸ் 75-இல். நோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கருவி 2.4-இல் மைனஸ் 45 வாங்கிக்கொண்டிருந்தால் அதற்கு எழுந்திருக்கக் காரணமே இல்லை.

ஆகவே "ஏன் 5-க்குப் போக மாட்டேன் என்கிறது" என்பதை விட்டுவிடுங்கள். "காலையில் யார் அதை 2.4-க்கு அனுப்பியது" என்று தேடுங்கள். வைஃபையை அணைத்துப் போட்டால் 5-க்குத்தான் போகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதாவது தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் உங்கள் லேப்டாப் சரியாகவே தேர்ந்தெடுக்கிறது. ஏதோ ஒரு நேரத்தில் 5 இல்லாமல் போகிறது. கம்பிவழி கேட்ட எண்களைப் போடுங்கள்.

மூன்றுமாடி:

நன்றி அலைநீளம் அண்ணா, இப்படி யாரும் விளக்கிச் சொன்னதில்லை. எண்கள் இதோ. மேசையில் 2.4 மைனஸ் 44, 5 மைனஸ் 52. 2.4 சேனல் 6. 5-இன் சேனல் 100, அகலம் 160. இரண்டுமே ஆட்டோவில் இருக்கின்றன. 160-ஐ நான்தான் ஆன் செய்தேன், வேகம் கூடும் என்று ஆப்பே பரிந்துரைத்தது.

அலைநீளம்:

சேனல் 100, அகலம் 160. காரணம் இங்கேதான் இருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்வேன்.

5 கிகாஹெர்ட்ஸில் எல்லா சேனலும் ஒரே மாதிரி இல்லை. 36 முதல் 48 வரை தொந்தரவு இல்லாதவை. 149-க்கு மேலே உள்ளவையும் அனுமதி இருக்கும் பல நாடுகளில் அப்படியே. நடுவில் 52 முதல் 64, 100 முதல் 144 வரை உள்ளவை ரேடார்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் இடம். வானிலை ரேடார், ராணுவ ரேடார் எல்லாம் அங்கே இருக்கின்றன, அவைதான் அங்கே முதல் உரிமைக்காரர்கள். ஆகவே ரவுட்டர் அந்த சேனல்களில் டிஎஃப்எஸ் என்ற விதிக்குக் கட்டுப்பட வேண்டும். பேசத் தொடங்கும் முன் 60 விநாடி அமைதியாக இருந்து ரேடார் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் 120 முதல் 128 வரையுள்ள வானிலை ரேடார் சேனல்களில் இந்தக் காத்திருப்பு 10 நிமிடம். பேசிக்கொண்டிருக்கும்போது ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் 10 விநாடிக்குள் அந்த சேனலைக் காலி செய்ய வேண்டும், அடுத்த 30 நிமிடத்துக்கு அங்கே திரும்பக் கூடாது. உண்மையில் ரேடார் இல்லாமல் வேறு சத்தத்தையே ரேடார் என்று ரவுட்டர் எடுத்துக்கொள்வதும் உண்டு.

160 அகலம் எங்கே வருகிறது என்று பாருங்கள். இன்றைக்கு வீடுகளில் ஓடும் பெரும்பாலான ரவுட்டர்களில் 5 கிகாஹெர்ட்ஸுக்குள் 160-க்கு இரண்டே இடம்தான்: 36 முதல் 64, 100 முதல் 128. இரண்டிலுமே ரேடார் சேனல்கள் கலந்திருக்கின்றன. அதாவது 160-ஐ ஆன் செய்தால் டிஎஃப்எஸ்ஸும் கூடவே வந்துவிடும்.

இனி காலைக் காட்சி. இரவில் மெஷ் அப்டேட்டுக்காகத் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது கரன்ட் போய் வருகிறது, அல்லது ரேடார் கேட்டு சேனல் மாறுகிறது. 2.4 உடனே எழுந்துவிடும். 5 குறைந்தது ஒரு நிமிடம் வாய் திறக்காது. அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் லேப்டாப், போன் எல்லாம் அதே பெயரை 2.4-இல் பார்த்துச் சேர்ந்துவிடுகின்றன. அப்புறம் 5 வந்தாலும் மைனஸ் 44-இல் வசதியாக இருக்கும் கருவிக்கு அது பொருட்டே இல்லை.

செய்து பாருங்கள்: அகலத்தை 80 ஆக்குங்கள், சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 36 என்று நிறுத்துங்கள். சேனலைத் தேர்ந்தெடுக்க ஆப் இடம் கொடுக்கவில்லை என்றால் 160-ஐ மட்டும் அணையுங்கள். பல மெஷ்களில் அதுவே ரேடார் இல்லாத சேனலுக்குக் கொண்டுவந்துவிடும். 80-இலேயே உங்கள் 500 முழுசாக வரும்.

நேர்வழி:

சரி, இதை நான் யோசித்திருக்கவில்லை. ஆனாலும் பெயரைப் பிரித்திருந்தால் 2.4-க்கு இறங்கவே வழியில்லையே?

அலைநீளம்:

இறங்க வழியில்லை, உண்மைதான். பதிலாக அந்த ஒரு நிமிடம் இணையமே இருக்காது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மெஷ்ஷில் நான் தயங்குவது வேறு காரணத்துக்காக.

இரண்டு பெயரையும் லேப்டாப்பில் சேமித்து வைத்தால் அது இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டுதான் இருக்கும், ஒரே பெயரில் நடந்தது இரண்டு பெயரில் நடக்கும், அவ்வளவுதான். ஒன்றைக் கருவியிலிருந்து நீக்கினால்தான் பலன். நீக்கிவிட்டால், போனோடு நோட்டை விட்டுத் தள்ளிப் போகும்போது 5 மெலிந்து அறுந்துவிடும், 2.4-க்கு மெதுவாக இறங்கும் வசதி போய்விடும். நோட்டிலிருந்து நோட்டுக்குத் தாவுவது மெஷ்ஷின் வேலை என்றால், பேண்டிலிருந்து பேண்டுக்கு இறங்குவதும் அதே வேலையின் பாதி.

நடுவழி ஒன்று உண்டு. பிரதான பெயர் இரண்டு பேண்டிலும் இருக்கட்டும். பல்பு, பிளக், சென்சார் மாதிரியானவற்றுக்கு மட்டும் 2.4-இல் தனிப் பெயர் வையுங்கள். இப்போது பல மெஷ்களில் ஐஓடி நெட்வொர்க் என்று தனியாகவே இருக்கிறது. அதற்கு கெஸ்ட் நெட்வொர்க்கைப் பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கெஸ்டில் உள்ள கருவியை உங்கள் போனால் நேரடியாகப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள்.

சென்னல்பூச்சி:

இடையில் வருகிறேன். டிவி ஒருபோதும் 5-க்கு வந்ததில்லை என்கிறாரே, அதற்கும் இதே காரணம் இருக்கலாம். ரேடார் சேனல்களையே தொடாத கருவிகள் நிறைய இருக்கின்றன, குறிப்பாக டிவி, டிவி ஸ்டிக், பிரிண்டர். மெஷ் 100-இல் உட்கார்ந்தால் அவற்றைப் பொறுத்தவரை அந்த வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸே இல்லை. தொடுகிற கருவிகளும் அங்கே சத்தம் போட்டு விசாரிக்காமல், "நான் இங்கே இருக்கிறேன்" என்று நோட் அனுப்பும் பீக்கன் அறிவிப்புக்காகக் காத்திருந்து கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். முந்திக்கொள்வது 2.4.

இன்னொன்று, வெளிநாட்டில் வாங்கிய கருவி என்றால் அதன் நாட்டு அமைப்பைப் பொறுத்து சில சேனல்கள் பூட்டப்பட்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் ஆதரவு உண்டு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் எல்லா சேனலுக்கும் ஆதரவு உண்டு என்று அர்த்தமில்லை.

மூன்றுமாடி:

80, சேனல் 36 ஆக்கிவிட்டேன். சேனலைத் தேர்ந்தெடுக்க அட்வான்ஸ்டு பகுதியில் இடம் இருந்தது. அதற்கப்புறம் இரவில் ஒருமுறை அப்டேட் வந்து மெஷ் ரீஸ்டார்ட் ஆனது, காலையில் லேப்டாப் 5-இலேயே இருந்தது. பழைய பதிவுகளையும் ஆப்பில் தேடிப் பார்த்தேன், ரேடார் கண்டறியப்பட்டது என்று பல வரிகள், அவற்றில் சில மதிய நேரத்தில். அலைநீளம் அண்ணா சொன்னது அப்படியே இருந்தது. டிவியும் இப்போது 5-ஐப் பார்க்கிறது. சென்னல்பூச்சிக்கும் நன்றி.

ஹெட்செட்டில் குரல் வெட்டுவதும் நின்றுவிட்டது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மீதியுள்ளது ஒன்று. மேல்மாடியில் கடைசி நோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாலும் போனில் 5 என்றுதான் காட்டுகிறது, சிக்னல் முழுசாக இருக்கிறது, வேகம் மட்டும் 40-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது.

கம்பிவழி:

சம்பந்தம் உண்டு. புளூடூத்தும் 2.4-இல்தான் ஓடுகிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே சிப் இரண்டையும் பார்த்துக்கொள்கிறது, வைஃபை 2.4-இல் இருந்தால் நேரத்தைப் பங்கு போட வேண்டும். வைஃபை 5-க்குப் போனதும் புளூடூத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. இதோடு யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கோ ஹப்போ லேப்டாப்பை ஒட்டி வைத்திருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யுஎஸ்பி 3 கேபிளும் கனெக்டரும் 2.4 பகுதியில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல்லே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டது.

மேல்மாடிக்கு வருவோம். போன் நோட்டோடு 5-இல் பேசுகிறது, அது சரி. அந்த நோட் கீழே உள்ள நோட்டோடு எதில் பேசுகிறது? அதைத்தான் பார்க்க வேண்டும். ஆப்பில் அந்த நோட்டைத் தட்டினால் பேக்ஹால் என்று ஒரு வரி இருக்கும். நோட் ரொம்பத் தள்ளியிருந்தால் அதுவே 2.4-க்கு இறங்கிப் பேசும். அப்போது போனில் 5 என்று காட்டுவதற்கு மதிப்பே இல்லை. குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, மேலே வருகிற தண்ணீர் அவ்வளவுதான்.

இரண்டு பேண்ட் மெஷ்ஷில் இன்னொரு சங்கடமும் உண்டு. கருவிகளோடு பேசுவதற்கும் அடுத்த நோட்டோடு பேசுவதற்கும் ஒரே 5 ரேடியோதான். ஒரு தகவலை அது வாங்கி மறுபடி அனுப்ப வேண்டும், அதனால் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். உங்களுடையது வரிசையாகத் தாவித் தாவிப் போகிறதா, இரண்டு நோட்டும் பிரதான நோட்டோடு நேராகப் பேசுகின்றனவா என்றும் பாருங்கள்.

மூன்றுமாடி:

பார்த்தேன். கடைசி நோட்டின் பேக்ஹால் 2.4, மைனஸ் 71. நடு நோட் வழியாகத்தான் போகிறது.

கம்பிவழி:

அப்படியென்றால் கடைசி நோட்டை சிக்னல் இல்லாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள், ஆனால் நோட் நிற்க வேண்டியது சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடத்தில். மாடிப்படிப் பக்கம் இறக்கி வையுங்கள். பேக்ஹால் 5-இல் மைனஸ் 60-ஐ ஒட்டி வருகிற வரை நகர்த்துங்கள். அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டாம். முடிந்தால் அந்த நோட்டுக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிடுங்கள். இந்த இழையில் சொன்ன எல்லாவற்றையும் விட அந்த ஒரு கேபிள் அதிகம் செய்யும், இதை நான் எந்த வீட்டுக்கும் தயங்காமல் சொல்வேன்.

நோட்டை நகர்த்தியதும் நான்காவது நோட் நினைப்பை விட்டுவிடலாம். கம்பியில்லாமல் கூடுதல் நோட் சேர்த்தால், அதே சேனலில் பேச இன்னும் ஒருவர் வருகிறார், அவ்வளவுதான்.

தேன்கூடு:

எனக்கும் இதே தொல்லை, ஆனால் என் மெஷ்ஷில் சேனல் மாற்றவே இடமில்லை, 160 பொத்தானும் இல்லை. 5-இன் சேனல் 44 என்று காட்டுகிறது, அதாவது ரேடார் சேனலும் இல்லை. விண்டோஸ் லேப்டாப், அடிக்கடி 2.4. நான் என்ன செய்ய?

அலைநீளம்:

உங்களுக்கு லேப்டாப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து அட்வான்ஸ்டு பகுதிக்குப் போங்கள். இன்டெல் அடாப்டர் என்றால் ப்ரிஃபர்டு பேண்ட் என்று ஒன்று இருக்கும், அதில் 5 என்று வையுங்கள். 5 இருந்தால் அதற்கு முன்னுரிமை, இல்லாத இடத்தில் 2.4-க்கே போகும், ஆகவே பயமில்லை. பக்கத்தில் ரோமிங் அக்ரசிவ்னஸ் என்று, லேப்டாப் எவ்வளவு சீக்கிரம் வேறு இடம் தேட வேண்டும் என்பதைச் சொல்லும் ஐந்து படி உள்ள ஒன்று இருக்கும். அதை ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். கடைசிப் படிக்குக் கொண்டுபோனால் ஓயாமல் இடம் தேடி, மீட்டிங் நடுவில் இணைப்பு விக்கும்.

மெஷ் பக்கம், ஆப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக பேண்ட் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறதா பாருங்கள். டிபி-லிங்க்கின் டெக்கோ மெஷ்ஷில் சில மாடல்களில் கனெக்‌ஷன் ப்ரிஃபரன்ஸ் என்று இருக்கிறது. இடம் மாறாத கருவிகளுக்கு, அதாவது டிவி, மேசைக் கணினிக்கு, அது அருமையான வசதி. போனுக்கு அதைப் போட வேண்டாம். 2.4-இன் அனுப்பும் சக்தியைக் குறைக்க இடமிருந்தால், ஹை என்பதை மீடியம் ஆக்குங்கள். மேலே சொன்ன அந்த 7 டெசிபெல் வித்தியாசம் ஓரளவு ஈடாகும், கருவி கண்ணுக்கு 2.4 அவ்வளவு அழகாகத் தெரியாது. குறைத்த பிறகு வீட்டுக் கடைசியில் இருக்கும் பல்பும் கேமராவும் இன்னும் இணைந்திருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சென்னல்பூச்சி:

பல்புகள் பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் 2.4-ஐயே அணைத்துவிட வேண்டாம். ஸ்மார்ட் பிளக், பல்புகளில் பெரும்பாலானவற்றில் உள்ள சிப் 2.4 மட்டும்தான் பேசும். சுவர் தாண்டிப் போவதிலும் அதுவே மேல். பழைய கருவி ஒன்று எதிலுமே சேரவில்லை என்றால் பேண்டைச் சந்தேகிக்கும் முன் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழையவை உள்ளேயே வராது, டபிள்யூபிஏ2-உம் டபிள்யூபிஏ3-உம் கலந்த முறையில் வையுங்கள்.

தேன்கூடு:

ப்ரிஃபர்டு பேண்ட் மாற்றியதும் 5-க்கு வந்துவிட்டது. தூக்கத்திலிருந்து லேப்டாப் எழும்போதும் இப்போது 5-இல்தான் எழுகிறது. மிக்க நன்றி.

மூன்றுமாடி:

கடைசி நோட்டை மாடிப்படித் திருப்பத்துக்குக் கொண்டுவந்தேன். பேக்ஹால் இப்போது 5, மைனஸ் 58, நேராகப் பிரதான நோட்டோடு பேசுகிறது. மேல்மாடியில் போனில் 190 வருகிறது. கேபிள் இழுக்க வழி பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடு நோட்டுக்குப் பக்கத்தில்தான் டிவி, அதற்கு மட்டும் நோட்டிலிருந்து ஒரு கேபிள் போட்டுவிடலாமா?

கம்பிவழி:

போடலாம், காற்றில் ஒரு கருவி குறையும். டிவியின் ஈதர்நெட் போர்ட் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய டிவிகளில் அது 100 எம்பிபிஎஸ்தான். 4கே படம் பார்க்க அது தாராளம், ஸ்பீடு டெஸ்டில் 95-க்கு மேல் வரவில்லை என்று தேட வேண்டாம்.